ஒரு பக்கம் மட்டும் தீட்டிய கத்தி

மேற்குத் தாம்பரம்
4.6.2025

அன்புள்ள முதாசிர் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் அத்தாவும் சுகம். பெங்களூர்த் தண்ணீரும் குளிரும் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? முதலில் அதை எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ கூப்பிட்டதும் அத்தா ஸ்பீக்கரைப் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறார். நீ "நல்லா இருக்கேன்" என்கிறாய், நாங்கள் "நல்லா இருக்கோம்" என்கிறோம், அதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அதைவிட அதிகம் சொல்ல இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கடிதம் எழுதுவது பாடத்திலேயே வருகிறது என்று அம்மாவிடம் சொல்லித் தபால் உறை வாங்கினேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. பக்ரீத் நெருங்கிவிட்டதால் நம் தெருவில் எல்லோரும் கத்திகளை எடுத்து வைத்திருந்தார்கள். நேற்று சாணை பிடிக்கும் தனசிங் அண்ணன் மொபெட்டில் வந்தார். அம்மா வீட்டுக் கத்திகளைக் கொடுத்தபோது நான் பீரோவிலிருந்து உன் நீளக் கத்தியையும் எடுத்து வந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் கெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் நீ மூன்று வருஷம் வேலை பார்த்தாயே, அங்கிருந்து தலைமைச் சமையல்காரர் ஹிரானோ சார் ஜப்பானுக்குத் திரும்பும்போது உனக்குக் கொடுத்த மீன் கத்தி.

தனசிங் அண்ணன் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா பாப்பா இது? ஒரு பக்கம் தீட்டிட்டு இன்னொரு பக்கத்த அப்டியே வுட்டுக்கீறானுங்க! ஃபாரின் சாமான்னு சொல்லி நல்லா ஏமாத்திக்கீறான்" என்றார். நானும் பார்த்தேன். உண்மைதான். ஒரு பக்கம் அகலமான சரிவு, மறுபக்கம் மொழுமொழுவென்று தட்டை. "ரெண்டு பக்கமும் சமமா போட்டுக் குடுங்கண்ணா" என்றேன். தீப்பொறி பறக்கப் போட்டுக் கொடுத்தார்.

உடனே அதில் ஒரு வெள்ளரிக்காய் வெட்டினேன். என் இடது கையில் அது எவ்வளவு அழகாக உட்காருகிறது தெரியுமா! அம்மா வழக்கம்போல, "பீச்சாங்கையால வெட்டாதடி, பாக்கவே பயமா இருக்கு" என்றார். நான் வழக்கம்போல வெட்டி முடித்தேன்.

பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
நிகத்

பெங்களூர்
21.6.2025

அன்புத் தங்கை நிகத்துக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே ஜூன் மாதத்திலேயே போர்வை கேட்கிறது. பெருநாள் எப்படிப் போனது? எனக்கு ஹோட்டலில் லீவு கிடைக்கவில்லை. தொழுதுவிட்டு நேராக வேலைக்கு வந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கத்தியைப் பற்றிப் படித்த உடனே எழுதினால் தப்பாக எதையாவது எழுதிவிடுவேன் என்று மடித்து வைத்துவிட்டேன். பரவாயில்லை, உனக்குத் தெரியாது.

அந்தக் கத்தியை யாரும் அரைகுறையாக விடவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். நம் வீட்டுக் கத்தி இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் சேரும். இது ஒரு பக்கம் மட்டும் சரிந்து, தட்டையான பக்கத்தில் போய்ச் சேரும். அதனால் விளிம்பு இன்னும் மெல்லிசு. பச்சை மீனை ஒரே இழுப்பில் வெட்டினால் சதை நசுங்காது, வெட்டிய இடம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். வலது கையில் பிடிப்பவருக்குச் சரிவு வலப்பக்கம் இருக்கும். வெட்டிய துண்டு சரிவில் ஏறித் தானாக விலகும். தட்டைப் பக்கம் மீதி மீனை ஒட்டியே இறங்கும்.

கெட்டதும் உண்டு. பூசணிக்காய் மாதிரித் தடித்த பொருளில் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். எலும்பில் பட்டால் விளிம்பு பெயரும். தீட்டுவதற்கு நிறையப் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒரு கைக்கென்று செய்த கத்தி மறு கைக்கு ஆகாது.

இனி அதைச் சரிசெய்ய வேண்டுமானால், சரிவுப் பக்கத்தை மட்டும் கல்லில் தேய்த்துக்கொண்டே போய், தனசிங் அண்ணன் போட்ட புதுச் சரிவு முழுசாக மறையும்வரை விளிம்பைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். மாதக்கணக்காகும். விடு. பேப்பரில் சுற்றி வை.

இங்கே ஹோட்டலின் ஜப்பானியச் சமையல் பகுதியில், மீன் பலகையில் நான்கு பேர் வரிசையாக நின்று விருந்தினருக்கு எதிரிலேயே வெட்டுவார்கள். எங்கள் மாஸ்டர் யேசுதாசன் நாகர்கோவில்காரர், ஜப்பானில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். புதிதாக வந்தவர்களுக்கு நவம்பரில் தேர்வு வைப்பார். தேறினால் பலகை. இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். இப்போதைக்கு அரிசி கழுவுகிறேன், வேலை முடிந்ததும் மீன் வெட்டிப் பழகுகிறேன்.

அம்மாவுக்கும் அத்தாவுக்கும் ஸலாம் சொல்.

முதாசிர்

மேற்குத் தாம்பரம்
29.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். நீ போர்வை வாங்கினாயா என்று அம்மா கேட்கிறார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிக்குப் போய் அழுதேன். போதும் என்று தோன்றியதும் இறங்கி வந்தேன். மன்னித்துக்கொள் என்று ஒரு தடவை எழுதுகிறேன். பத்துத் தடவை எழுதினாலும் இரும்பு திரும்பி வராது.

நூலகத்தில் போய்த் தேடினேன். கத்தியைப் பற்றிப் புத்தகம் இல்லை. ஆனால் தச்சு வேலைப் புத்தகம் ஒன்றில் உளியின் படம் இருந்தது. உளிக்கும் ஒரு பக்கம்தான் சரிவு! அப்போதுதான் நீ எழுதியது நன்றாகப் புரிந்தது. வீட்டுக்கு வந்து கத்தியைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில்தான் ஒரு சந்தேகம்.

வலது கைக்காரருக்குச் சரிவு வலப்பக்கம் என்று எழுதியிருக்கிறாய். பிடியை என் பக்கமும் விளிம்பைக் கீழேயும் வைத்துப் பார்த்தேன். அகலமான பழைய சரிவு இடப்பக்கம் இருக்கிறது. தனசிங் அண்ணன் போட்ட சின்னச் சரிவுதான் வலப்பக்கம். மூன்று தடவை பார்த்தேன், கணக்கு நோட்டில் வரைந்தும் பார்த்தேன். இது இடது கைக் கத்தி.

நீ எழுதுவது வலது கையால். கிரிக்கெட் மட்டை பிடிப்பதும் வலது. பிறகு ஹிரானோ சார் ஏன் இதை உனக்குக் கொடுத்தார்? தவறிப்போய்க் கொடுத்தாரென்றால், நீ ஏன் அதை அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனாய்?

நிகத்

பெங்களூர்
20.7.2025

நிகத்துக்கு,

ஸலாம். நலம். இங்கே தினமும் மாலையில் மழை. போர்வை வாங்கிவிட்டேன்.

காலாண்டுத் தேர்வுக்கு இப்போதே படிக்க ஆரம்பி. கணக்கு நோட்டில் கணக்கைப் போடு. அத்தாவை முட்டிவலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அம்மாவிடம் சொல்.

கத்தியைப் பற்றி இனி எழுத வேண்டாம். அதில் ஒன்றுமில்லை. விரலில் சின்னக் காயம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

முதாசிர்

மேற்குத் தாம்பரம்
3.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் நலம். அத்தா டாக்டரிடம் போய் வந்தார். உன் விரல் ஆறியதா? எந்தக் கை விரல் என்று நீ எழுதவில்லை.

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கோபித்துக்கொள்.

நேற்று அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். "அதெல்லாம் எதுக்குடி இப்போ?" என்றார். நான் எழுந்து போகவில்லை. கீரை முடிந்த பிறகு சொன்னார். ஒன்றாம் வகுப்பில் நீ இடது கையால்தான் எழுதினாயாம். பந்து, சீப்பு, டார்ச் எல்லாம் இடது கையாம். அத்தா உன் இடது கையில் ஸ்கூல் சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு, வீட்டுப்பாடம் எழுத வைப்பாராம். ஒரு வருஷம் முழுக்க. "அவன் ஒரு நாள்கூட அழல. அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துது" என்றார் அம்மா.

எனக்கு ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். "உனக்கும்தான் மாட்டுனாரு. நீ பல்லால கடிச்சி ஓட்ட போட்டுட்ட. மூணு ஜோடி போச்சு. அப்புறம் சலிச்சிப்போய் வுட்டுட்டாரு" என்றார். எனக்கு அது ஞாபகமே இல்லை.

அண்ணா, சாப்பிடுவதில் எனக்குச் சண்டை கிடையாது. பிஸ்மி சொல்லி வலது கையால்தான் சாப்பிடுகிறேன், என்றைக்கும் அப்படித்தான் சாப்பிடுவேன். ஆனால் எழுதும் கையும் வெட்டும் கையும் என்னுடையவை.

ஹிரானோ சார் தவறவில்லை. மூன்று வருஷத்தில் அவர் பார்த்ததை, உன்னோடு ஒரே வீட்டில் வளர்ந்த நான் பார்க்கவில்லை. அதற்கு வெட்கப்படுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. அங்கே எந்தக் கையால் வெட்டுகிறாய்?

நிகத்

பெங்களூர்
7.9.2025

நிகத்துக்கு,

ஸலாம். நலம். மீலாது நபிக்கு நம் தெருவில் நெய்ச்சோறு கொடுத்திருப்பார்கள். எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பாய்.

வலது கையால். போதுமா?

கெஸ்ட் ஹவுசில் ஹிரானோ சாரும் நானும் மட்டும்தான். ஒரு நாள் மேடையிலிருந்து உருண்ட முட்டையை நான் இடது கையால் பிடித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என் வலது கையிலிருந்த கத்தியை வாங்கி இடது கையில் வைத்தார். கொஞ்ச நாளில் ஊரிலிருந்து அந்தக் கத்தியை வரவழைத்தார். நான் அதில் வெட்டியதையெல்லாம் பார்த்திருந்தால் உனக்குப் புரிந்திருக்கும்.

இங்கே வந்த முதல் நாளே யேசுதாசன் மாஸ்டர் சொல்லிவிட்டார். "இங்க எடது கை கெடையாதுலே. நாலு பேரு தோளோட தோள் நிக்கிற எடம். ஒன் முழங்கை பக்கத்துல நிக்கிறவன இடிச்சா, அவன் கையில இருக்கது கரண்டி இல்ல, கத்தி. தட்டுல எல்லாத் துண்டும் ஒரே பக்கமா சாயணும். ஒன் தட்டு மட்டும் எதிர்ப்பக்கம் சாஞ்சா நல்லாவா இருக்கும்?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எதிர்த்துப் பேச வரவில்லை.

வலது கை எழுதும், மட்டை பிடிக்கும். மீன் மேல் அந்த ஒரு இழுப்பு மட்டும் அதற்கு வரமாட்டேன் என்கிறது. கடைசி ஒரு விரல் அகலத்தில் கத்தி உள்ளே சாய்கிறது. துண்டு ஒரு ஓரம் தடித்து, ஒரு ஓரம் மெலிந்து விழுகிறது. கூட வேலை பார்க்கும் முகிலன், "மச்சான், மீன் வெட்டுறியா, பர்த்டே கேக் வெட்டுறியா?" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

இடது கையைக் கேட்டால் வேலை போய்விடும். நீ பதினைந்து வயதுப் பெண். சாக்ஸைக் கடித்த மாதிரி எல்லாவற்றையும் கடித்து ஓட்டை போட முடியாது.

முதாசிர்

மேற்குத் தாம்பரம்
14.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நலம். நீயும் நலமாக இரு, ஏனென்றால் இந்தக் கடிதம் முழுக்க உன்னோடு சண்டை போடப்போகிறேன்.

முதலில் முழங்கை. எங்கள் வகுப்பில் ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர். ஆறாம் வகுப்பில் மிருதுளா, நான் இடிக்கிறேன் என்று டீச்சரிடம் புகார் சொன்னாள். நான் அவளை நகரச் சொல்லிவிட்டு இடப்பக்க ஓரத்துக்குப் போனேன். அன்றிலிருந்து என் முழங்கை காற்றைத்தான் இடிக்கிறது. உங்கள் பலகைக்கு இடப்பக்க ஓரம் இல்லையா? அங்கே நிற்க இடம் கேள்.

அடுத்தது தட்டு. வெள்ளரித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து நான் ஒரு தட்டும் அம்மா ஒரு தட்டும் அடுக்கினோம். எதிரெதிராகத்தான் சாய்ந்தன. என் தட்டை அரை வட்டம் திருப்பினேன். இரண்டும் ஒரே பக்கம்! எது யாருடையது என்று அம்மாவைக் கேட்டேன். "ரெண்டும் வெள்ளரிக்காதான். எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். விருந்தினரும் அதைத்தான் சொல்வார்.

இன்னொன்று. உன்னிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்துவருகிறேன். ஜூலை முதல் தேதியிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து, நீ விட்டுப்போன தீட்டுக்கல்லை நனைத்து, கத்தியைத் தேய்க்கிறேன். சரிவுப் பக்கம் மட்டும். சரிவில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசிவிட்டுத் தேய்த்தால், கல் படாத இடத்தை மை காட்டிக்கொடுக்கிறது. தனசிங் அண்ணன் போட்டதில் ஒரு நூலளவுதான் மிச்சம். அவரே போன வாரம் வந்து பார்த்தார். "நான் ரெண்டு நிமிசத்துல போட்டத ரெண்டு மாசமா அழிச்சிகினு கீறியா? பேஜாரான பொண்ணும்மா நீ!" என்றார். பிறகு விளிம்பை நகத்தில் வைத்துப் பார்த்து, என் இடது கையில் திருப்பிக் கொடுத்தார்.

நேற்று அத்தா தன் குரோம்பேட்டை கார் சீட் கவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, என்னைத் தேடி மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

"பொட்டப்புள்ள மாடியில உக்காந்து கத்தி தீட்டுற. எதிர்வீட்டு ஸ்ரீநிவாசன் சார் பாத்தா என்ன நெனைப்பாரு?"

எதிர்மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சாவித்ரி மாமி, ஸ்ரீநிவாசன் சாரின் மனைவி, முந்திக்கொண்டார். "நெனைக்கறதுக்கு என்ன இருக்கு பாய்? எங்காத்துக் கத்தி ரெண்டும் மொண்ணையாக் கெடக்கு. இவகிட்ட குடுத்தனுப்பட்டுமான்னு நானே கேக்கணும்னு இருந்தேன்."

அத்தா எதிர்மாடிப் பக்கம் பார்த்துத் தலையாட்டிவைத்தார். அந்த நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"அண்ணன் கைய ஏன் மாத்துனீங்க அத்தா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"கத்தி சொல்லுச்சு."

"கஸ்டமர்கிட்ட இடது கையால கார் சாவிய நீட்டுனா மறுபடி கடைக்கு வருவானா? கத்திரிக்கோல்லேர்ந்து மிஷின் வரைக்கும் எல்லாத்தையும் வலது கைக்குத்தான் செஞ்சி வச்சிருக்கான். எம் புள்ள கஷ்டப்படக் கூடாதுன்னுதான் பண்ணேன்."

"இப்பதான் அத்தா கஷ்டப்படுறான்."

தலைக்கு மேலே பயிற்சி விமானம் ஒன்று போனது. அத்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். நான் கல்லில் தண்ணீர் ஊற்றினேன்.

நிகத்

பெங்களூர்
5.10.2025

நிகத்துக்கு,

ஸலாம். நலம். காலாண்டு மதிப்பெண் எவ்வளவு?

அத்தாவிடம் நீ பேசியிருக்கக் கூடாது. போன வெள்ளிக்கிழமை போனில் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "சாப்ட்டியா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் "சாப்ட்டேன்" என்றேன்.

கத்தியை அனுப்பாதே. இப்போது வலது கையில் முன்னைவிட நன்றாக வருகிறது. மாஸ்டர் நேற்று என் தட்டைப் பார்த்துப் "பரவால்ல" என்றார். இப்படியே போனால் தேறிவிடுவேன். அதற்காகத்தான் வந்தேன். உன் பெஞ்சும் வெள்ளரிக்காயும் உன்னோடு இருக்கட்டும்.

தேர்வு நவம்பர் எட்டாம் தேதி. துஆ செய்.

முதாசிர்

மேற்குத் தாம்பரம்
22.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். கணக்கில் தொண்ணூற்றொன்று.

இந்தக் கடிதத்தோடு கத்தியும் வருகிறது. தீபாவளிக்கு வந்த சாவித்ரி மாமியின் மகன் உமேஷ் அண்ணா இன்று காரில் பெங்களூர் திரும்புகிறார். அவர்கள் வீட்டில் சைவம் என்பதால், இது மீன் வெட்டும் கத்தி என்று அவரிடம் முதலிலேயே சொன்னேன். "புதுசாத் தீட்டினதுக்கப்புறம் மீனைப் பாக்கலையே? அப்ப எங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்லி டிக்கியில் வைத்துக்கொண்டார்.

கத்தி முன்னைவிட ஒரு நெல் அகலம் குறுகியிருக்கிறது. அந்தக் குறை என்னால் வந்தது. தட்டைப் பக்கம் மறுபடியும் முழுத் தட்டையாகிவிட்டது. பேப்பரை வெட்டிப் பார்த்தேன், சத்தமே வரவில்லை. பூசணிக்காயையும் வெட்டிப் பார்த்தேன். நீ சொன்னபடியே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அது சரியாகிவிட்டதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா?

வலது கையால் வெட்டித் தேறினால் நான் சந்தோஷப்படுவேன். அது பொய்யில்லை. ஆனால் உன் கடிதத்தில் "பரவால்ல" என்ற சொல்லை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? கெஸ்ட் ஹவுஸ் காலத்தில் நீ சாயங்காலம் வீட்டுக்கு வந்து மீனைப் பற்றிப் பேசுவாயே, அப்போது அந்தச் சொல்லை நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

நீ யாருக்காகவும் சண்டை போட வேண்டாம். அத்தாவுக்கு எதிராகவும் வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். கத்தி உன் பக்கத்தில் இருக்கட்டும். அவ்வளவுதான்.

துஆவுடன்,
நிகத்

பெங்களூர்
9.11.2025

நிகத்துக்கு,

ஸலாம். நலம்.

இது இடது கை எழுத்து. இந்த ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிரிக்காதே.

நேற்று தேர்வு. வலது கையால் வெட்டினேன். மாஸ்டர் பார்த்தார். "தேறிட்டலே. நாளைக்கு ராத்திரி பலகைக்கு வா" என்றார். முகிலன் முதுகில் தட்டினான்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. "இன்னொரு மீன் தருவீங்களா மாஸ்டர்?" என்றேன்.

"ஏம்லே, கெடச்சத வச்சிட்டுப் போவ மாட்டியா?"

பலகையின் இடப்பக்க ஓரத்துக்குப் போனேன். உன் கத்தியை எடுத்தேன். ஒன்பது இழுப்பு. ஒன்பது துண்டு. யாரும் கேக் என்று சொல்லவில்லை. தட்டைத் திருப்பி வைத்தேன்.

மாஸ்டர் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தின்றார். பிறகு சொன்னார்: "மீனு நல்லா இருக்கு. ஆனா ராத்திரி வரிசையில எடது கைய நிக்க வைக்க மாட்டேன். வலதுன்னா நாளைக்கே பலகை. எடதுன்னா மத்தியானம் மட்டும், இந்த ஓரத்துல. இன்னும் ஆறு மாசம் கழிச்சித்தான் மத்தத பேசுவேன். எதுலே?"

"எடது, மாஸ்டர்."

"பைத்தியக்காரப் பய" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டை எடுத்துத் தின்றார்.

இன்று மத்தியானம் ஓரத்தில் நின்றேன்.

கை வலிக்கிறது. இந்தக் கடிதத்தை அத்தாவிடம் கொடு. படிக்கக் கொஞ்சம் கஷ்டப்படுவார். படிக்கட்டும்.

முதாசிர்